ஆய்வாளர் விசா: ஜெர்மனிக்கு ஆய்வுப் பணியில் செல்வோர் அறிய வேண்டியவை

அயல்நாட்டுப் பல்கலைக்கழகத்திலோ ஆய்வு நிறுவனத்திலோ ஆய்வுப் பணி செய்யச் செல்பவருக்கு அந்நாடு வழங்கும் நீண்டகால நுழைவிசைவே ஆய்வாளர் விசா எனப்படுகிறது. மாணவர் விசா, வேலை விசா, சுற்றுலா விசா ஆகியவற்றைப் போல இதுவும் தனி வகை. ஆனால் இதில் ஒரு வேறுபாடு உண்டு. மற்ற விசாக்களில் விண்ணப்பதாரரின் தகுதி, பணவசதி, நோக்கம் ஆகியவற்றைத் தூதரகமே எடைபோடுகிறது. ஆய்வாளர் விசாவிலோ அந்த எடைபோடுதலின் பெரும்பகுதியை அழைக்கும் ஆய்வு நிறுவனமே செய்து முடித்து, 'இவரை நாங்கள் ஏற்கிறோம்' என்று எழுதிக் கையொப்பமிட்டுத் தருகிறது. அந்த ஒரு தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் பொறுத்தே விசாவும், அதற்குப் பின்வரும் பல ஆண்டு வாழ்க்கையும் அமைகின்றன. இக்கட்டுரை ஜெர்மனியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இம்முறையை விளக்குகிறது.

தோற்றம்

ஐரோப்பாவில் ஆய்வாளருக்கெனத் தனி அனுமதியை முதலில் ஏற்படுத்திய நாடுகளுள் ஒன்று பிரான்ஸ். 1998 மே மாதச் சட்டத்தின் வழியாக 'அறிவியலாளர்' என்ற குறிப்புடன் கூடிய குடியிருப்பு அட்டையை அது கொண்டுவந்தது. பின்னர் இக்கருத்தை ஐரோப்பிய ஒன்றியம் முழுவதற்குமாக விரித்தது 2005 அக்டோபர் 12 அன்று வெளியான 2005/71 எண் நெறியாணை. ஆய்வுக்காக நாட்டு வருமானத்தில் 3 விழுக்காட்டைச் செலவிடுவது என்று 2002இல் பார்சலோனா உச்சிமாநாட்டில் ஐரோப்பியத் தலைவர்கள் இலக்கு வைத்திருந்தனர். அந்த இலக்கை எட்ட 2010க்குள் ஏறத்தாழ 7 இலட்சம் ஆய்வாளர்கள் தேவைப்படுவர் என்று அந்த நெறியாணையின் முன்னுரையே கணக்குச் சொல்கிறது. உள்நாட்டில் அத்தனை பேர் இல்லை. வெளியிலிருந்து வரவழைப்பதென்றால், ஒவ்வொருவருக்கும் தொழிலாளர் சந்தைச் சோதனை, வேலை அனுமதி என்று மாதக்கணக்கில் காத்திருக்கவைக்க முடியாது. எனவே பொறுப்பை ஆய்வு நிறுவனத்திடம் ஒப்படைக்கும் வழி உருவானது. இது விருந்தோம்பல் உணர்வால் பிறந்த ஏற்பாடு அன்று, ஆள் தேவையால் பிறந்தது.

ஜெர்மனி இதனை 2007இல் தன் சட்டத்தில் சேர்த்தது. பழைய நெறியாணைக்குப் பதிலாக 2016/801 எண் நெறியாணை 2016 மே 11 அன்று வந்தது. அதனை ஜெர்மனி 2017 ஆகஸ்ட் முதல் நடைமுறைப்படுத்தியது. டென்மார்க்கும் அயர்லாந்தும் இந்தப் புதிய நெறியாணைக்குக் கட்டுப்படாதவை. 2020 மார்ச் முதல் ஜெர்மன் குடியிருப்புச் சட்டத்தின் 18டி பிரிவில் ஆய்வாளர் அனுமதி இடம்பெற்றுள்ளது. அலுவலகக் கடிதங்களில் இந்த எண்ணையே அடிக்கடி காணலாம் என்பதால் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

யார் ஆய்வாளர்

முனைவர் பட்டம் பெற்றவர் மட்டுமே ஆய்வாளர் என்று பலர் எண்ணுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. முனைவர் பட்டம் பெற்றவரும், முனைவர் படிப்பில் சேரத் தகுதி தரும் உயர்கல்விப் பட்டம் பெற்றவரும் ஆய்வாளராகலாம். அதாவது எம்.எஸ்சி., எம்.டெக். முடித்தவருக்கும் வழி உண்டு. ஆனால் அவர் செய்யப்போகும் வேலை, அத்தகைய தகுதி வழக்கமாகத் தேவைப்படும் ஆய்வு வேலையாக இருக்க வேண்டும்.

முனைவர் பட்டத்துக்காகவே செல்பவர்களுக்கு இங்கு ஒரு கவை வருகிறது. ஜெர்மனியில் முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் வேலையாகவே நடக்கிறது. ஒரு பேராசிரியரின் ஆய்வுக்குழுவில் பணி ஒப்பந்தத்துடன் சேர்ந்து, சம்பளம் பெற்றுக்கொண்டே ஆய்வேட்டை எழுதுவது அங்குள்ள வழக்கம். இத்தகையவர் ஆய்வாளர் விசாவுக்கு உரியவர். ஆனால் முழுநேர முனைவர் படிப்புத் திட்டம் ஒன்றில் மாணவராகச் சேர்பவருக்கு, அவருடைய ஆய்வு அந்தப் படிப்பின் பகுதியாக இருப்பதால், 18டி பிரிவில் அனுமதி கிடையாது. அவர் 16பி பிரிவின்கீழ் மாணவராகவே செல்ல வேண்டும். பெயரளவில் இருவரும் 'பி.எச்டி.க்குப் போகிறவர்கள்'தான். ஆனால் மாணவராகச் செல்பவர், வேறு நிதி ஆதாரம் காட்ட இயலாவிட்டால், முடக்கக் கணக்கில் ஓராண்டுச் செலவுத் தொகையைப் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அத்தொகை 11,904 யூரோ. இந்தியப் பட்டதாரிகளுக்கு 2022 நவம்பர் முதல் கட்டாயமான ஏ.பி.எஸ். சான்றிதழும், சில விலக்குகள் போக, மாணவர் விசாவுக்கு உரியதே. பணி ஒப்பந்தத்துடன் செல்பவருக்கு அந்த முடக்கக் கணக்கு தேவையில்லை, சம்பளமே ஆதாரம். ஆகவே பேராசிரியரிடம் இருந்து 'உங்களைச் சேர்த்துக்கொள்கிறேன்' என்ற மின்னஞ்சல் வந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி: பணி ஒப்பந்தமா, மாணவர் சேர்க்கையா?

ஏற்பு உடன்படிக்கை

மேலே சொன்ன அந்த ஒரு தாளுக்கு ஏற்பு உடன்படிக்கை என்று பெயர். ஜெர்மன் மொழியில் 'ஆவ்ஃப்நாமெஃபெரைன்பாருங்' என்பார்கள். வாய்க்குள் நுழையாத சொல்தான்; ஆனால் நிறுவனத்துக்கு எழுதும் மின்னஞ்சலில் இச்சொல்லைக் குறிப்பிட்டால், எந்தப் படிவம் வேண்டும் என்பது அங்குள்ளவருக்கு உடனே புரிந்துவிடும்.

இதில் இருக்க வேண்டியவற்றை நெறியாணையே வரையறுக்கிறது. ஆய்வின் தலைப்பு அல்லது நோக்கம் அல்லது துறை, தொடக்க நாளும் முடிவு நாளும் அல்லது உத்தேசக் காலம், நிறுவனத்துக்கும் ஆய்வாளருக்கும் உள்ள சட்ட உறவு, பணி நிபந்தனைகள், வேறு ஒன்றிய நாட்டுக்கும் போகும் திட்டம் இருந்தால் அதுபற்றிய விவரம் ஆகியவை அவை. ஆய்வை முடிக்க முயல்வதாக ஆய்வாளரும், அதற்கான சூழலைத் தருவதாக நிறுவனமும் உறுதி தருகின்றனர். விசா மறுக்கப்பட்டாலோ, பணி உறவு முறிந்தாலோ உடன்படிக்கை தானாகவே காலாவதியாகிவிடும்.

நிறுவனம் ஏன் தயங்குகிறது என்பதற்கான விடையும் இதிலேயே இருக்கிறது. ஆய்வாளர் உடன்படிக்கை முடிந்த பின்னும் சட்டத்துக்குப் புறம்பாகத் தங்கிவிட்டால், அவருடைய வாழ்க்கைச் செலவையும் நாடு திரும்பச் செய்யும் செலவையும் உடன்படிக்கை முடிந்ததிலிருந்து ஆறு மாதம் வரை ஏற்பதாக நிறுவனம் எழுதித்தர நேரும். பெரும்பாலும் அரசுப் பணத்தில் நடக்கும் நிறுவனங்களுக்கு ஜெர்மனியில் இந்த உறுதிமொழியிலிருந்து விலக்கு உண்டு. அதனால்தான் பல்கலைக்கழகங்களும் மாக்ஸ் பிளாங்க், ஹெல்ம்ஹோல்ட்ஸ், லைப்னிட்ஸ், ஃபிரவுன்ஹோஃபர் குழும நிறுவனங்களும் இந்தத் தாளை அன்றாட அலுவலாகத் தருகின்றன. முதன்முறையாக வெளிநாட்டவரை அழைக்கும் சிறு தனியார் நிறுவனம் தடுமாறுகிறது. நியூரம்பெர்கில் தலைமையகம் கொண்ட குடிபெயர்வு, அகதிகள் கூட்டாட்சி அலுவலகம் ஆய்வு நிறுவனங்களுக்கு ஏற்பு வழங்குகிறது. அந்த ஏற்பு பெற்ற நிறுவனம் என்றால் வேலை எளிது. பெறாத நிறுவனமும் ஆய்வு நடத்துவதாக இருந்தால் அழைக்கலாம். ஆனால் ஏற்பு பெற்ற நிறுவனத்தின் வழியாக வரும் விண்ணப்பத்துக்கு 60 நாளுக்குள்ளும், மற்றவற்றுக்கு 90 நாளுக்குள்ளும் முடிவு சொல்ல வேண்டும் என்பது ஒன்றிய விதி.

இதன் பயனாக ஆய்வாளருக்குக் கிடைப்பது பெரிது. இந்த வேலைக்கு உள்நாட்டில் ஆள் இருக்கிறாரா என்று எவரும் பார்ப்பதில்லை. கூட்டாட்சி வேலைவாய்ப்பு முகமையின் ஒப்புதல் தேவையில்லை. பட்டத்தின் மதிப்பை முதலில் எடைபோடுவதும் நிறுவனமே.

உடன்படிக்கை கைக்கு வந்ததும் அதை வரிவரியாகப் படிப்பது அவசியம். பெயரின் எழுத்துகள், பிறந்த நாள், கடவுச்சீட்டு எண், தொடக்க நாள், தொகை ஆகியவை பணி ஒப்பந்தத்திலும் உடன்படிக்கையிலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று ஒத்துப்பார்க்க வேண்டும். ஒப்பந்தத்தில் ஏப்ரல் 1, உடன்படிக்கையில் மே 1 என்று இருந்தால், விசா அலுவலர் யாரை நம்புவார்? திருத்திய தாளைக் கேட்டு எழுதுவார். அது வர இரு வாரம், மறுபடி பார்க்க இரு வாரம். அங்குள்ள பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டு விருந்தினருக்கு உதவவென்றே 'வெல்கம் சென்டர்' என்ற அலுவலகம் பெரும்பாலும் உண்டு. பேராசிரியருக்கு இந்த விதிகள் தெரியாமல் இருக்கலாம். அந்த அலுவலகத்தாருக்குத் தெரியும்.

அழைப்புக்கோ உடன்படிக்கைக்கோ உண்மையான நிறுவனம் எதுவும் ஆய்வாளரிடம் பணம் கேட்பதில்லை. 'ஆய்வு வேலை வாங்கித் தருகிறோம்' என்று முன்பணம் கேட்பவர் யாராயிருந்தாலும் விலகிவிடுவது நல்லது. இந்தத் தாளைப் பெற்றுத்தர எந்த முகவராலும் இயலாது.

சம்பளமா, உதவித்தொகையா

இரண்டு பேர் ஒரே ஆய்வகத்தில், ஒரே மேசையின் இரு பக்கத்தில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் பல்கலைக்கழகத்துடன் பணி ஒப்பந்தம் செய்தவர். பொதுத்துறை ஊதிய அட்டவணையில் 13ஆம் நிலைச் சம்பளம். மற்றவர் ஓர் அறக்கட்டளையின் உதவித்தொகையில் வந்தவர். இருவரும் 18டி அனுமதி பெறலாம். மாத இறுதியில் கையில் நிற்கும் தொகையிலும் பெரிய வேறுபாடு இல்லாமல் போகலாம், ஏனெனில் சம்பளத்தில் வரியும் காப்பீட்டுப் பங்கும் பிடிக்கப்படும். உதவித்தொகைக்குப் பெரும்பாலும் அவை இல்லை. அதனால் உதவித்தொகையே இலாபம் என்று முதல் ஆண்டில் தோன்றும்.

சம்பளம் பெறுபவர் சட்டமுறை மருத்துவக் காப்பீட்டில் சேர்க்கப்படுகிறார். தவணையில் ஏறத்தாழப் பாதியை நிறுவனம் கட்டுகிறது. வருமானம் இல்லாத கணவரோ மனைவியோ குழந்தைகளோ அதே காப்பீட்டில் கூடுதல் தவணையின்றி இடம்பெறுகின்றனர். உதவித்தொகை பெறுபவர் தம் காப்பீட்டைத் தாமே தேட வேண்டும். பெரும்பாலும் அது தனியார் காப்பீடாக அமையும். குடும்பத்தில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தவணை. பேறுகாலத்தை உள்ளடக்காத மலிவுக் காப்பீடுகள் உண்டு என்பதை இளம் தம்பதியர் கவனிக்க வேண்டும்.

அடுத்தது ஓய்வூதியப் பங்களிப்பு. சம்பளக்காரருக்கு அது மாதந்தோறும் சேர்கிறது. உதவித்தொகைக்காரருக்குச் சேர்வதில்லை. ஓய்வு பெறும் எண்ணமே இல்லாத வயதில் இது முக்கியமாகத் தெரியாது. ஆனால் நிரந்தரக் குடியிருப்பு அனுமதி கேட்கும்போது இந்தக் கணக்கே முன்னால் வந்து நிற்கும். ஜெர்மனி அங்கீகரிக்கும் பட்டத்துடன் தகுதிபெற்ற பணியாளராக 18டி அனுமதியில் மூன்று ஆண்டு இருந்தவர், பி1 நிலை ஜெர்மன் மொழியறிவும் 36 மாத ஓய்வூதியப் பங்களிப்பும் காட்டினால் நிரந்தர அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டும் உதவித்தொகையில் கழித்தவரிடம் அந்த 36 மாதம் இராது. அவர் வேலை ஒன்றில் சேர்ந்து முதலிலிருந்து எண்ணத் தொடங்க வேண்டும். நாடு திரும்பினாலும் பங்களிப்பு வீணாவதில்லை. 2017 மே முதல் நடைமுறையிலுள்ள இந்திய ஜெர்மன் சமூகப் பாதுகாப்பு உடன்படிக்கையின்படி இரு நாடுகளிலும் கட்டிய காலத்தைச் சேர்த்துப் பார்க்க வழியுண்டு.

இதனால் உதவித்தொகையை மறுக்க வேண்டும் என்பதில்லை. ஹும்போல்ட் அறக்கட்டளையின் உதவித்தொகையோ ஜெர்மன் கல்விப் பரிமாற்றச் சேவையான டாட் அமைப்பின் உதவித்தொகையோ ஓர் ஆய்வாளரின் வாழ்நாள் முழுதும் பேசும் தகுதி. ஓரிரு ஆண்டில் திரும்பி வந்து இங்கே ஆசிரியப் பணியில் சேர விரும்புபவருக்கு நிரந்தர அனுமதியின் மாதக் கணக்கு ஒரு பொருட்டே அன்று. ஆனால் அங்கேயே தங்கும் எண்ணம் உள்ளவர், இரண்டாம் ஆண்டிலிருந்தாவது பணி ஒப்பந்தத்துக்கு மாற்ற இயலுமா என்று தொடக்கத்திலேயே கேட்டுவைக்கலாம்.

முழுச் சம்பளம் பெறும் முதுமுனைவர் ஆய்வாளருக்கு, அதாவது பேச்சில் 'போஸ்ட்டாக்' எனப்படுபவருக்கு, இன்னொரு கதவும் திறந்திருக்கிறது. அது ஐரோப்பிய நீல அட்டை எனப்படும் 'ப்ளூ கார்டு'. 2025ஆம் ஆண்டுக்கு அதன் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பள வரம்பு 48,300 யூரோ. இயற்கை அறிவியல், கணிதம், பொறியியல் போன்ற ஆள் பற்றாக்குறைத் துறைகளுக்கு 43,759.80 யூரோ. இவ்வரம்பு ஆண்டுதோறும் மாறும். 13ஆம் நிலை முழுப் பணியிடச் சம்பளம் இதைத் தாண்டிவிடும். முனைவர் பட்ட ஆய்வாளருக்கு வழக்கமாகத் தரப்படும் அரைப் பணியிடமோ மூன்றில் இரு பங்குப் பணியிடமோ தாண்டாது. நீல அட்டை வைத்திருப்பவர் 27 மாதத்தில், பி1 மொழியறிவு இருந்தால் 21 மாதத்தில், நிரந்தர அனுமதி கேட்கலாம். ஆனால் வேறு ஐரோப்பிய ஆய்வகங்களுக்கு மாதக்கணக்கில் போய்வர வேண்டிய வேலை என்றால் ஆய்வாளர் அனுமதியே வசதி.

பெயர்

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கு தனிச் சிக்கல் ஒன்று உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் வழக்கமில்லை. தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போட்டுக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் 'க. செல்வி', பட்டத்தில் 'செல்வி க.', கடவுச்சீட்டில் 'செல்வி கண்ணன்' என்று மூன்று வடிவங்கள் ஒருவருக்கே இருக்கும். திருமணத்துக்குப் பின் தந்தை பெயருக்குப் பதில் கணவர் பெயர் சேர்ந்தால் நான்கு. சிலருடைய கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் வெறுமையாகவே இருக்கும். ஆய்வுக் கட்டுரைகளிலோ இன்னொரு வடிவம்.

சென்னையில் உட்கார்ந்து பார்க்கும் அலுவலருக்கு இது பழகிய விஷயம். ஜெர்மனியில் சம்பளம் போடும் அலுவலகத்துக்கும் வங்கிக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அப்படியன்று. எனவே ஒரே விதியைக் கடைப்பிடிப்பது நல்லது. பணி விண்ணப்பத்தின் முதல் மின்னஞ்சலிலிருந்தே கடவுச்சீட்டில் உள்ள பெயரை, அதே எழுத்துகளில், அதே வரிசையில் கொடுக்க வேண்டும். முதலெழுத்தை விரித்து எழுதாத கடவுச்சீட்டு என்றால், வேலை தேடத் தொடங்கும்போதே அதைத் திருத்திப் புதிது வாங்கிவிடலாம். உடன்படிக்கை கையெழுத்தான பின் கடவுச்சீட்டை மாற்றினால் எல்லாத் தாளையும் மாற்ற நேரும். பழைய சான்றிதழ்களில் உள்ள வேறு வடிவங்களுக்கு, இப்பெயர்கள் யாவும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் எடுத்த உறுதிமொழிப் பத்திரம் ஒன்றை ஆங்கிலத்தில் கைவசம் வைத்திருப்பது பல இடங்களில் உதவும்.

விண்ணப்பித்தல்

அமெரிக்கா, ஜப்பான் போன்ற சில நாட்டினர் விசாவின்றி ஜெர்மனிக்குள் நுழைந்து, அங்கேயே அனுமதி கேட்கலாம். இந்தியருக்கும் இலங்கையருக்கும் அச்சலுகை இல்லை. புறப்படும் முன்பே 'டி' வகைத் தேசிய விசா பெற வேண்டும். குறுகிய காலச் ஷெங்கன் விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்பவர் பேச்சைக் கேட்கக் கூடாது. பொதுவாக அது நடவாது. 90 நாளுக்குள் முடியும் ஆய்வுப் பயணத்துக்கு மட்டுமே ஷெங்கன் விசா பொருந்தும்.

2025 சனவரி முதல் உலகெங்கும் உள்ள ஜெர்மன் விசா அலுவலகங்களுக்கு இணையவழித் தூதரகச் சேவைத் தளம் வழியாகவே தேசிய விசா விண்ணப்பத்தைத் தொடங்கலாம். ஆவணங்களை வருடி ஏற்றினால், குறை இருப்பின் முன்கூட்டியே சொல்வார்கள். பிறகு நேரில் சென்று கைரேகை பதிந்து, மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். இந்தியாவில் இதற்கான விண்ணப்ப மையங்களை வி.எஃப்.எஸ். குளோபல் நடத்துகிறது, சென்னையிலும் உண்டு. இலங்கையில் கொழும்பிலுள்ள தூதரகத்தைப் பார்க்க வேண்டும். விசாக் கட்டணம் 75 யூரோ, அதற்கு ஈடான உள்நாட்டுப் பணத்தில். ஜெர்மன் அரசு நிதியிலிருந்து உதவித்தொகை பெறுபவருக்குக் கட்டணம் இல்லை.

கடவுச்சீட்டு, புகைப்படம், ஏற்பு உடன்படிக்கை, பணி ஒப்பந்தம் அல்லது உதவித்தொகைக் கடிதம், பட்டச் சான்றிதழ்கள், தன்விவரக் குறிப்பு, பயணம் தொடங்கும் நாளிலிருந்து பணியில் சேரும் நாள் வரைக்குமான மருத்துவக் காப்பீடு ஆகியவை அடிப்படை ஆவணங்கள். தூதரகத்தின் பட்டியல் அவ்வப்போது மாறுவதால், நண்பர் சென்ற ஆண்டு கொடுத்த பட்டியலை நம்பாமல் அன்றைய பட்டியலை இறக்கிக்கொள்ள வேண்டும். பட்டச் சான்றிதழ் இன்னும் கைக்கு வராதவர்கள் நம்மிடையே அதிகம். வாய்மொழித் தேர்வு முடிந்து, பட்டமளிப்பு விழா நடக்காமல் மாதக்கணக்கில் காத்திருப்போர் பல்கலைக்கழகத்தில் தற்காலிகச் சான்றிதழையாவது முன்பே வாங்கிவிட வேண்டும்.

நேர்காணல் என்று பெரிதாக ஒன்றும் இராது. ஆனாலும் 'அங்கே என்ன செய்யப்போகிறீர்கள்?' என்று மையத்தில் யாராவது கேட்டால், ஆய்வுத் தலைப்பின் ஆங்கிலச் சொற்றொடரை ஒப்பிப்பதைவிட, அதை இரண்டு எளிய வாக்கியங்களில் சொல்லத் தெரிந்திருப்பது மேல். அணுவியல், ஆளில்லா வானூர்தி, குறியாக்கம் போன்ற இருவகைப் பயன்பாட்டுத் துறைகளில் இருப்பவர்களுக்கு அழைக்கும் நிறுவனமே ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி முன்கூட்டிச் சரிபார்க்கும். அதற்கும் காலம் பிடிக்கும்.

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால், பணி தொடங்கும் நாளுக்கு நான்கு மாதம் முன்பே உடன்படிக்கை கையில் இருப்பது நிம்மதி. விசா தாமதமானால் தொடக்க நாளை ஒரு மாதம் தள்ளிவைக்க நிறுவனங்கள் வழக்கமாக இசைகின்றன. ஆனால் திட்ட நிதி முடியும் நாள் தள்ளிப்போவதில்லை. தொடக்கம் தள்ளத்தள்ள, ஒப்பந்தம்தான் சுருங்கும். இங்குள்ள வேலையை விடுவதும் வீட்டைக் காலி செய்வதும் விசா முத்திரையைக் கண்ட பின்பே.

மறுக்கப்பட்டால்

முன்பெல்லாம் விசா மறுக்கப்பட்டால் அதே தூதரகத்துக்கு மறுபரிசீலனைக் கடிதம் எழுதலாம். விடுபட்ட தாளை இணைத்துப் பலர் அதில் வென்றனர். 2025 சூலை 1 முதல் ஜெர்மனி அந்த முறையை உலகெங்கும் நிறுத்திவிட்டது. இப்போது இரண்டே வழிகள். ஒன்று, குறையைச் சரிசெய்து, கட்டணம் கட்டிப் புதிதாக விண்ணப்பிப்பது. மற்றது, ஒரு மாதத்துக்குள் பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது. வழக்கு நீளும், ஆய்வு நிதி அதுவரை காத்திருக்காது. ஆகவே முதல் விண்ணப்பத்தையே குறையின்றிக் கொடுப்பதன் மதிப்பு இப்போது கூடியிருக்கிறது. மறுப்புக் கடிதம் வந்தால் அதை உடனே நிறுவனத்துக்கு அனுப்ப வேண்டும். காரணம் பெரும்பாலும் அவர்கள் தந்த தாளில் உள்ள முரணாகவே இருக்கக்கூடும். அதைத் திருத்தவும் அவர்களாலேயே முடியும்.

குடும்பம்

ஜெர்மனியில் குடும்ப இணைவு விசாவுக்கு வரும் கணவர் அல்லது மனைவி பொதுவாக ஏ1 நிலை ஜெர்மன் தேர்வில் தேறியிருக்க வேண்டும். 18டி அனுமதி பெற்றவரின் துணைவருக்கும், நீல அட்டை பெற்றவரின் துணைவருக்கும் இந்த நிபந்தனை இல்லை. தேர்வுக்கெனச் சில மாதம் பிரிந்திருக்க வேண்டிய தேவை இதனால் நீங்குகிறது. வந்த பின் துணைவர் எந்த வேலையையும் தேடிக்கொள்ளலாம். தனி அனுமதி வேண்டாம். இது தெரியாமல், 'நான் முதலில் போய்ப் பார்க்கிறேன்' என்று ஓராண்டு தனியே இருந்துவிடுபவர்கள் இருக்கிறார்கள். திருமணப் பதிவுச் சான்றிதழை மட்டும் முன்பே ஆயத்தமாக வைத்திருந்தால் போதும். கோயிலில் நடந்த திருமணத்தைப் பதிவு செய்யாமல் விட்டவர்கள் முதலில் சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும்.

சென்று சேர்ந்த பின்

விசா என்பது நுழையவும் பணியைத் தொடங்கவும் உரிய தாள். அதன் ஆயுள் சில மாதங்களே. வீட்டில் குடியேறிய இரு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும். பிறகு அவ்வூர் வெளிநாட்டவர் அலுவலகத்தில் குடியிருப்பு அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். பெரிய நகரங்களில் இந்த அலுவலகத்தில் நேரம் கிடைப்பதே அரிது. ஊர் போய்ச் சேர்ந்த முதல் வாரத்திலேயே நேரம் கேட்டுவிட வேண்டும். அனுமதி குறைந்தது ஓராண்டுக்குத் தரப்படும். ஆய்வுக் காலம் அதைவிடக் குறைவு என்றால் அந்தக் காலத்துக்கு மட்டும்.

இந்த அனுமதியில் உடன்படிக்கை குறிப்பிடும் நிறுவனத்தில் ஆய்வு செய்யலாம், பாடமும் நடத்தலாம். ஆய்வுத் திட்டம் இடையில் மாறினாலும் உரிமை போய்விடாது. நிறுவனமே மாறினால் வெளிநாட்டவர் அலுவலகத்தில் முன்பே சொல்ல வேண்டும். நெறியாணைக்குக் கட்டுப்பட்ட வேறு ஒன்றிய நாட்டு ஆய்வகத்தில், 360 நாளில் 180 நாள் வரை, அந்நாட்டின் அறிவிப்பு விதிகளைப் பின்பற்றி வேலை செய்யலாம். சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லாததால் அங்கே இச்சலுகை செல்லாது. ஜெனீவாவில் கூட்டாய்வு உள்ள இயற்பியலாளர்கள் இதை மறந்துவிடக் கூடாது.

ஜெர்மனியின் பல்கலைக்கழகப் பணிகள் பெரும்பாலும் குறித்த காலத்துக்கே உரியவை. 2007ஆம் ஆண்டின் அறிவியல் பணிக்கால ஒப்பந்தச் சட்டம், முனைவர் பட்டத்துக்கு முன் ஆறு ஆண்டு, பின் ஆறு ஆண்டு வரை இத்தகைய தற்காலிக ஒப்பந்தங்களை அனுமதிக்கிறது. மருத்துவத் துறையில் பட்டத்துக்குப் பிந்தைய காலம் ஒன்பது ஆண்டு. ஒப்பந்தம் முடியும் நாளும் அனுமதி முடியும் நாளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும் என்பதால் வெளிநாட்டு ஆய்வாளருக்கு இச்சட்டம் இருமடங்கு சுமை. ஆய்வை முடித்தவர் வேலை தேடுவதற்காக ஒன்பது மாதம் வரை தங்க அனுமதி பெறலாம். ஆனால் அதற்குப் பழைய அனுமதி உயிருடன் இருக்கும்போதே விண்ணப்பிக்க வேண்டும். அந்தக் காலத்துக்குரிய செலவுப் பணமும் காப்பீடும் காட்ட வேண்டும். கடைசி மாதச் சம்பளத்துக்காகக் காத்திராமல், ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருக்கும்போதே வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு எழுதிவிடுவது வழக்கம்.